நாடிழந்தவர்கள் வளர்த்த கிண்ணம்

பேர்ண் நகரில் ஒன்பதாம் இலக்க ட்ராம் போய் முடிகிற இடத்துக்குப் பக்கத்தில்தான் வாங்க்டோர்ஃப் மைதானம் இருக்கிறது. இருபது வருடங்களுக்கு மேலாக வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்திருக்கிறேன். ஆட்டம் நடக்கிற இரவுகளில் மஞ்சள், கறுப்புச் சால்வை போட்ட சனம் ட்ராமை நிறைத்துவிடும். நான் ஒரு மூலையில் ஒதுங்கி நிற்பேன். அது அவர்களுடைய விசயம், எனக்கும் அதுக்கும் என்ன என்பதுதான் என் எண்ணம்.

2021 செப்ரெம்பர் 14 அன்று என் மகன் என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனான். அப்போது அவனுக்கு 23 வயது. சம்பியன்ஸ் லீக் சுற்றுப்போட்டியில் எங்கள் ஊர்க் கழகமான யங் போய்ஸ், மன்செஸ்ரர் யுனைற்றட்டோடு மோதியது. ரொனால்டோ முதல் கோலை அடித்தார். பிறகு யுனைற்றட் வீரர் ஒருவர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். இரண்டாம் பாதியில் யங் போய்ஸ் சமப்படுத்தியது. ஆட்டம் முடிகிற நேரத்தில், 95ஆவது நிமிடத்தில், ஜோர்டான் சீபாச்சு அடித்த கோலோடு 2-1. எனக்குப் பக்கத்தில் இருந்த, முன்பின் தெரியாத ஒரு சுவிஸ் கிழவர் என்னைக் கட்டிப்பிடித்தார். இந்த நாட்டுக்கு வந்து 31 வருடத்தில் அப்படி ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்தது அதுதான் முதல் தடவை.

"ஆர் தம்பி உந்த கோல் அடிச்சவன்? சுவிஸ்காரனே?" என்று மகனிடம் கேட்டேன்.

அவன் சிரித்தான். "இல்லையப்பா. அமெரிக்காவில பிறந்தவர். தாய் தேப்பன் கமரூன். வளர்ந்தது பிரான்சில. விளையாடுறது அமெரிக்காவுக்கு. அடிச்சது பேர்ணுக்கு."

அந்தப் பதில் எனக்குள் கிடந்து உழன்றது. வீட்டுக்கு வந்து, இந்தக் கிண்ணத்தின் கதையைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன். வாசிக்க வாசிக்கத்தான் தெரிந்தது, இதில் எங்களைப் போன்ற ஆட்களின் கதை நிறைய இருக்கிறது என்று.

ஒரு தோல்வியில் தொடங்கியது

1954 டிசம்பரில் ஹங்கேரியின் ஹொன்வேட் கழகம் இங்கிலாந்துக்குப் போய் வூல்வ்ஸ் கழகத்தோடு மின்வெளிச்சத்தில் ஒரு சினேகபூர்வ ஆட்டம் ஆடியது. இங்கிலாந்துக் கழகம் 3-2 என்று வென்றது. உடனே அங்கத்தைய பத்திரிகைகள் வூல்வ்ஸ்தான் உலகச் சம்பியன் என்று எழுதித் தள்ளின. பிரான்சின் 'லெக்கிப்' பத்திரிகையில் இருந்த கப்ரியல் ஹனோ இதை ஏற்கவில்லை. சொந்த மண்ணில் ஒரு ஆட்டம் வென்றால் போதுமா, புடாபெஸ்டிலும் மொஸ்கோவிலும் போய் வென்று காட்டட்டும் என்பது அவருடைய கேள்வி. ஐரோப்பியக் கழகங்கள் உள்ளூரிலும் வெளியூரிலுமாக மோதும் ஒரு சுற்றுப்போட்டி வேண்டும் என்று அந்தப் பத்திரிகை எழுதியது.

அப்படித்தான் 1955 இல் 16 கழகங்களோடு ஐரோப்பியக் கிண்ணம் தொடங்கியது. முதல் ஆட்டம் செப்ரெம்பர் 4 அன்று லிஸ்பனில்: ஸ்போட்டிங், பார்ட்டிசான் இரண்டும் 3-3. இங்கிலாந்தின் சம்பியனான செல்சியை அந்த நாட்டு லீக் நிர்வாகம் போக விடவில்லை. ஸ்பெயினின் ரியல் மட்றிட் தன் முதல் ஆட்டத்தை எங்கள் ஜெனீவாவில் சேர்வெட் கழகத்துக்கு எதிராக ஆடி 2-0 என்று வென்றது. அடுத்த வருடம் பாரிசில் றெம்ஸ் கழகத்தை 4-3 என்று வென்று முதல் கிண்ணத்தையும் எடுத்தது. தொடர்ந்து ஐந்து வருடங்கள் கிண்ணம் மட்றிட்டை விட்டு நகரவில்லை.

இதெல்லாம் வெற்றியின் கதை. என்னைப் பிடித்து வைத்தது தோற்றவர்களின் கதை.

போன இடத்தில் நாடு போனது

ஹொன்வேட்தான் அந்தக் காலத்தில் ஐரோப்பாவின் மிகச்சிறந்த கழகங்களில் ஒன்று. புஷ்காஷ், கோச்சிஷ், சிபோர் மூவரும் அதில்தான் ஆடினார்கள். 1956 இலையுதிர் காலத்தில் ஐரோப்பியக் கிண்ண ஆட்டத்துக்காக அவர்கள் ஸ்பெயினின் பில்பாவோவுக்குப் போக வேண்டியிருந்தது. அதற்குள் புடாபெஸ்டில் புரட்சி வெடித்துவிட்டது. நவம்பர் 4 அன்று சோவியத் டாங்கிகள் நகருக்குள் நுழைந்தபோது அணி நாட்டுக்கு வெளியே நின்றது.

நவம்பர் 22 இல் பில்பாவோவில் 3-2 என்று தோற்றார்கள். இரண்டாவது ஆட்டம் புடாபெஸ்டில் நடக்க வேண்டும். சொந்த நகரத்துக்குப் போக வழியில்லை. ஆகவே பிரசல்ஸ் நகரின் ஹைசல் மைதானத்தில், தங்களுக்கு ஊரல்லாத ஊரில், 'உள்ளூர்' ஆட்டத்தை ஆடினார்கள். கோல் காப்பாளர் காயப்பட்டு வெளியேற, முன்வரிசை வீரர் சிபோர் போய்க் கோல் காத்தார். 3-3. மொத்தக் கணக்கில் ஒரு கோலால் வெளியேறினார்கள்.

எந்தக் கழகத்தின் தோல்வியால் இந்தச் சுற்றுப்போட்டி பிறந்ததோ, அந்தக் கழகம் இரண்டாவது வருடத்திலேயே வீடில்லாமல் சிதறிப் போனது. திரும்பி வா என்று அரசு கூப்பிட்டது. சிலர் போனார்கள். புஷ்காஷும் கோச்சிஷும் சிபோரும் போகவில்லை. அந்த மாதங்களில் ஹங்கேரியை விட்டு ஓடியவர்கள் கிட்டத்தட்ட இரண்டு லட்சம் பேர். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை சுவிஸ் ஏற்றது. கோச்சிஷ் கொஞ்சக் காலம் சூரிச்சில் யங் ஃபெலோஸ் கழகத்தோடு இருந்தார்.

புஷ்காஷுக்கு ஒரு வருடத்துக்கு மேலாக எங்கேயும் ஆடத் தடை. உடம்பு போட்டுவிட்டது. வயதும் முப்பது தாண்டியது. இனி ஆள் சரிவராது என்று பலர் கைவிட்டார்கள். 1958 இல், 31 வயதில், மட்றிட் அவரை எடுத்தது. இரண்டு வருடம் கழித்து ஸ்கொட்லாந்தின் ஹம்ப்டன் பார்க் மைதானத்தில், ஒரு லட்சத்து 27 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சனத்தின் முன்னால், ஃபிராங்ஃபேர்ட்டுக்கு எதிரான இறுதியாட்டத்தை மட்றிட் 7-3 என்று வென்றது. ஆர்ஜென்டீனாவில் பிறந்த டி ஸ்டெஃபனோ மூன்று கோல். அகதியாக வந்த புஷ்காஷ் நான்கு கோல். ஸ்பெயினின் பெருமை என்று இன்றைக்கும் சொல்லப்படுகிற அந்த இரவின் ஏழு கோலையும் அடித்தவர்கள் வெளியிலிருந்து வந்த இரண்டு பேர்.

தன் சொந்த நாட்டு மண்ணில் புஷ்காஷ் திரும்பக் கால் வைத்தது 1981 இல். இருபத்தைந்து வருடம். அந்த எண்ணை வாசித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நான் 1990 இல் வெளிக்கிட்டவன். அம்மாவின் செத்தவீட்டுக்கும் போக முடியாதவன். அந்த வருடம் என் கையில் இருந்தது எஃப் விசா. அனுமதியில்லாமல் நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி வர முடியாது.

எங்கள் ஊர் மைதானத்தில்

வாங்க்டோர்ஃபுக்கு வருவோம். 1954 உலகக் கிண்ண இறுதியாட்டம் நடந்தது இங்கேதான். யாராலும் வெல்ல முடியாதென்ற ஹங்கேரி அணி, மேற்கு ஜேர்மனியிடம் 3-2 என்று தோற்றது. சிபோர் அன்றைக்கு ஒரு கோல் அடித்தார்.

ஏழு வருடம் கழித்து, 1961 மே 31 அன்று, அதே மைதானத்தில் ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டம். கோச்சிஷும் சிபோரும் இப்போது பார்சிலோனாவில். 1949 இலேயே ஹங்கேரியை விட்டுத் தப்பியோடி, அகதி வீரர்களின் அணியொன்றில் ஆடித் திரிந்து, கடைசியில் பார்சிலோனாவின் செல்லப்பிள்ளையான குபாலாவும் அவர்களோடு. எதிர்ப்பக்கம் லிஸ்பனின் பென்ஃபிகா. அதன் பயிற்சியாளர் பேலா குட்மன், ஹங்கேரிய யூதர். நாசிகளின் காலத்தில் கட்டாய வேலை முகாமிலிருந்து தப்பியவர். தகப்பனையும் சகோதரியையும் அவுஷ்விட்ஸில் பறிகொடுத்தவர். அவருடைய அணியின் முதுகெலும்பு போர்த்துக்கலின் ஆபிரிக்கக் குடியேற்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள்: மொசாம்பிக்கின் கொலூனா, அங்கோலாவின் அகுவாஸ்.

கோச்சிஷ் ஒரு கோல். சிபோர் ஒரு கோல். பார்சிலோனா அடித்த பந்துகள் திரும்பத் திரும்பக் கம்பத்தில் பட்டுத் தெறித்தன. பென்ஃபிகா 3-2. சிபோர் வாங்க்டோர்ஃபில் இரண்டு இறுதியாட்டங்களில் ஆடி, இரண்டிலும் கோல் அடித்து, இரண்டிலும் அதே கணக்கில் தோற்றார்.

நான் தினமும் ட்ராமில் கடந்து போன இடம் இதுதான். அது அவர்களுடைய விசயம் என்று ஒதுங்கி நின்ற இடமும் இதுதான்.

'பழகிப்போன' வெளிநாட்டார்

இந்தக் கிண்ணத்தின் வரலாற்றில் இன்னொரு பகுதி இருக்கிறது. அது கோல் பற்றியதல்ல, கடதாசி பற்றியது.

1990களின் தொடக்கத்தில் ஐரோப்பிய உதைபந்தாட்டச் சம்மேளனமான யூஃபா ஒரு சட்டம் வைத்திருந்தது. ஒரு கழகம் ஒரு ஆட்டத்தில் மூன்று வெளிநாட்டாரை மட்டும் இறக்கலாம். அதற்கு மேல் இரண்டு 'உள்வாங்கப்பட்ட' வெளிநாட்டாருக்கு இடம். அந்த நாட்டில் தொடர்ந்து ஐந்து வருடம் ஆடியிருக்க வேண்டும், அதில் மூன்று வருடம் இளையோர் அணியில். இந்தச் சட்டத்தால் இங்கிலாந்துக் கழகங்களுக்கு ஸ்கொட்லாந்து, வேல்ஸ் வீரர்களும் வெளிநாட்டார். 1994 நவம்பரில் மன்செஸ்ரர் யுனைற்றட் பார்சிலோனாவுக்குப் போனபோது, டென்மார்க்கைச் சேர்ந்த கோல் காப்பாளர் ஷ்மைக்கேலை இந்தக் கணக்குக்காக வெளியில் இருத்த வேண்டி வந்தது. 4-0 என்று வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

1995 டிசம்பர் 15 அன்று, பெல்ஜிய வீரர் பொஸ்மன் போட்ட வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஐரோப்பிய ஒன்றிய நாட்டவரை அப்படி எண்ணிக் கட்டுப்படுத்த முடியாது என்றது. கதவு திறந்தது. திறந்த கதவால் பணமும் உள்ளே வந்தது. 1992 இல் பெயர் மாறி சம்பியன்ஸ் லீக் ஆன போட்டியில், 1990களின் முடிவிலிருந்து பெரிய நாடுகளின் நான்காம் இடத்துக் கழகமும் சேர்ந்தது. 1967 இல் கிண்ணம் வென்ற செல்ரிக் அணியின் வீரர்கள் எல்லோரும் தங்கள் மைதானத்திலிருந்து 30 மைல் வட்டத்துக்குள் பிறந்தவர்கள். அப்படி ஒரு அணி இனி வராது.

அதனால்தான் யூஃபா 2006 இலிருந்து புதிய விதியொன்றைப் படிப்படியாகக் கொண்டுவந்தது. 25 பேர் பட்டியலில் 8 இடம் உள்ளூரில் பயிற்றப்பட்டவர்களுக்கு. 15 வயதுக்கும் 21 வயதுக்கும் இடையில் மூன்று வருடம் அந்த நாட்டில் பயிற்சி பெற்றிருந்தால் சரி. எந்த நாட்டுப் பாஸ்போட் என்ற கேள்வியே கிடையாது.

இதை எனக்கு விளக்கியது மகன்தான். "அப்பா, யூஃபாவுக்கு நீ ஆற்ற பிள்ளை எண்டது முக்கியமில்லை. எங்க பழகினாய் எண்டதுதான் முக்கியம்" என்றான். சும்மாதான் சொன்னான். எனக்குத்தான் குத்தியது.

சனிக்கிழமை

2012 இல் அவனுக்கு 14 வயது. எங்கள் பகுதிக் கழகத்தின் பயிற்சியாளர் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கே வந்தார். பொடியன் நல்லா விளையாடுறான், மேல் அணி ஒன்றுக்குத் தேர்வுக்கு அனுப்ப வேண்டும், கிழமைக்கு நான்கு நாள் பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம் என்றார். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி. புதன் பின்னேரம் கணித ரியூசன். நான் யோசிக்கவே இல்லை. "படிப்புத்தான் முக்கியம்" என்று அரைகுறை ஜேர்மனில் சொல்லி அவரை அனுப்பிவிட்டேன். மனைவி, "ஒரு வருசம் விட்டுப் பாப்பமே அப்பா" என்றாள். நான் கேட்கவில்லை. கொஞ்ச நாளில் மகன் கழகத்தை விட்டே விலகிவிட்டான். அவன் அழவில்லை. சப்பாத்தைக் கழுவி, காயவைத்து, நிலவறையில் கொண்டுபோய் வைத்தான்.

மூன்று வருடம் கழித்து அவனுக்குக் குடியுரிமை விண்ணப்பம். இந்த நாட்டில் பிறந்தாலும் குடியுரிமை தானாக வராது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். நேர்காணலில் ஒரு அம்மணி, எந்தெந்தக் கழகங்களில் அங்கத்தவர் என்று கேட்டார். "உதைபந்தாட்டக் கழகத்தில இருந்தனான், 14 வயசில விலகீற்றன்" என்றான். ஏன் என்று அவர் கேட்டார். அவன் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "நேரம் இல்லை" என்றான்.

என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் அந்தப் பார்வை இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. இந்த நாடு அவனைத் தன் பிள்ளையாகப் பயிற்ற வந்த வாசலை நான்தான் மூடினேன். பிறகு அதே நாட்டிடம் போய், இவனை உன் பிள்ளையாக ஏற்றுக்கொள் என்று படிவம் நிரப்பினேன்.

அவன் பெரிய வீரனாக வந்திருப்பான் என்று நான் சொல்ல வரவில்லை. ஆயிரத்தில் ஒருவன்தான் வருவான். கொசோவோவில் பிறந்து பாசல் பக்கத்தில் வளர்ந்த ஷச்சிரி, கிண்ணம் வென்ற பயர்ன் மூன்சன் அணியிலும் லிவர்பூல் அணியிலும் இருந்தார். கானாவின் அகதி முகாமில் பிறந்து கனடாவில் வளர்ந்த அல்ஃபோன்சோ டேவிஸ் 2020 இல் பயர்னோடு கிண்ணத்தைத் தூக்கினார். குரோஷியப் போரில் இடம்பெயர்ந்து, சடார் நகரத்து ஹோட்டலில் அகதிப் பிள்ளையாக வளர்ந்த மோட்ரிச் ஆறு தடவை தூக்கினார். இவர்களைக் காட்டி, உங்கள் பிள்ளைகளையும் அனுப்புங்கள் என்று சொல்வது எளிது. ஆனால் கோல் அடிக்கிற அகதியை எல்லோருக்கும் பிடிக்கும். கோப்பை கழுவுகிற அகதிக்கும் இடம் கிடைக்கிறதா என்பதுதான் ஒரு நாட்டுக்கான சோதனை. 1956 இல் ஹங்கேரியரைக் கைநீட்டி வரவேற்ற இதே சுவிஸ், 1980களில் வந்த எங்கள் பெடியளைப் போதைப்பொருள்காரராகப் பார்த்தது. அதையும் மறக்க வேண்டியதில்லை.

நான் சொல்ல வருவது பிள்ளை பெரிய வீரனாவது பற்றியல்ல. ஊர்க் கழகத்தின் உடை மாற்றும் அறையில் பிள்ளை பழகுகிற மொழியும் முறையும் சிநேகிதமும் வேறெங்கும் கிடைக்காது. தமிழும் வேண்டும், அதுவும் வேண்டும். தமிழ்ப் பள்ளியை ஒரு சனிக்கிழமை விட்டால் தமிழ் அழிந்துவிடாது. அந்த நேரத்தை மாற்றிப் போடவும் முடியும். எத்தனையோ விழாக்களுக்கு மண்டபம் எடுக்கத் தெரிந்த எங்களுக்கு இது பெரிய வேலையா?

எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். கோடை வந்தால் எங்கள் கழகங்களின் சுற்றுப்போட்டிகள் தொடங்கும். நல்ல விசயம். ஊர்ப் பெயரில் கழகம், ஊர்ப் பெயரில் கிண்ணம். ஆனால் இங்கே பிறந்த ஒரு பிள்ளை ஆட வந்தால் இன்றைக்கும் முதல் கேள்வி, "நீர் எந்த ஊர்?" அவனுக்கு என்ன பதில் தெரியும்? அவன் பேர்ண். அவன் ஓல்டன். அவன் லுசேர்ன். எந்த ஊரான் என்று கேட்பதை விட்டுவிட்டு எங்கே பழகினாய் என்று கேட்க யூஃபாவுக்கே ஐம்பது வருடம் எடுத்தது. நாங்கள் அவ்வளவு காலம் எடுக்கத் தேவையில்லை.

கெல்சன்கிர்ஷனில் ஒரு 'உள்ளூர்' ஆட்டம்

2024 இல் போட்டியின் முறை மீண்டும் மாறியது. 36 கழகங்கள், ஒவ்வொன்றுக்கும் எட்டு ஆட்டம். யங் போய்ஸ் எட்டையும் தோற்றுக் கடைசி இடத்தில் வந்தது. பெரிய பணம் உள்ள கழகங்களின் நடுவில் எங்கள் பேர்ணுக்கு வேறென்ன கிடைக்கும் என்று மகன் சலித்துக்கொண்டான். பெரிய கழகங்கள் பன்னிரண்டு சேர்ந்து 2021 இல் தங்களுக்கென்று தனி லீக் தொடங்கப் பார்த்ததும், இங்கிலாந்தின் ரசிகர்கள் தெருவில் இறங்கி இரண்டு நாளில் அதை உடைத்ததும் அவனுக்கு மனப்பாடம்.

அந்த எட்டில் ஒரு ஆட்டத்தை இருவரும் வீட்டில் இருந்து பார்த்தோம். நவம்பர் 6, உக்ரைனின் ஷக்தார் டொனெட்ஸ்க் கழகத்துக்கு எதிராக. ஷக்தாருக்கு அது உள்ளூர் ஆட்டம். நடந்ததோ ஜேர்மனியின் கெல்சன்கிர்ஷனில். 2014 இல் போரால் டொனெட்ஸ்கை விட்ட கழகம் அது. லிவிவ், கார்கிவ், கீவ், வார்சோ, ஹம்பேர்க் என்று அலைந்து அங்கே வந்திருந்தது. யங் போய்ஸ் முதலில் கோல் அடித்தது. ஷக்தார் 2-1 என்று வென்றது.

பிரசல்சில் ஹொன்வேட் ஆடிய அந்த 'உள்ளூர்' ஆட்டத்தை நினைத்துக்கொண்டேன். எழுபது வருடம் ஆகப்போகிறது. கிண்ணத்தின் பெயர் மாறிவிட்டது, பணம் மாறிவிட்டது, ஊரில்லாமல் ஆடுகிறவர்கள் மட்டும் இன்னும் இருக்கிறார்கள்.

"தோத்திட்டம் அப்பா" என்றான் மகன். அந்த 'தோத்திட்டம்' என்ற சொல்லில் நானும் இருந்தேன் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

இப்போது அவன் எங்கள் பகுதிக் கழகத்தில் பத்து வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறான். அதில் இரண்டு தமிழ்ப் பிள்ளைகள். சனிக்கிழமை ஆட்டம் என்றால் ஒருவனின் தகப்பன் விடமாட்டாராம். போன கிழமை அவருக்கு நான் தொலைபேசி எடுத்தேன். "தம்பி, நானும் அப்பிடித்தான் சொன்னனான்" என்று தொடங்கினேன். ஒரு மணித்தியாலம் கதைத்தோம். வருகிற சனிக்கிழமை பிள்ளையை ஆட விடுவதாகச் சொல்லியிருக்கிறார். நானும் பார்க்கப் போகிறேன்.